மீன் தரும் சாட்சியம்

பெங்களூர் மர்பி டவுனில் வாழும் தமிழர்களுக்கு அல்சூர் ஏரி அயலிடமன்று. 2016 மார்ச்சு மாதத்தில் அவ்வேரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் ஒருசேர மாண்டு மிதந்தன. சாக்கடை நீர் கலந்து, கரைந்திருந்த பிராணவாயு குன்றியதே காரணமென்று அப்போது கூறப்பட்டது. தொழிற்கூட நஞ்சோ என்னும் ஐயமும் இத்தகைய வேளைகளில் எழுவது இயல்பே. கரையொதுங்கிய மீனை வெறுங்கண்ணால் நோக்கி அதனைத் தீர்த்தல் அரிது. ஆகவேதான் ஒரு பொருளைத் தனியே எடுத்து ஆய்வுக்கூடத்தில் சோதிக்கிறார்கள்.

இயந்திர உறுப்புகளின் எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கும் டிரைகுளோரோஎதிலீன், வண்ணப்பூச்சுகளில் சேரும் டொலுயீன் முதலியவை கரைப்பான்கள். ஒரு கரைப்பானை ஐந்து வெவ்வேறு செறிவுகளில் நீரில் கலந்து, ஒவ்வொரு தொட்டியிலும் ஏழு மீன்களுக்குக் குறையாமல் விடுவர். கலப்பற்ற நீரில் ஒரு தொட்டி ஒப்புநோக்கற்கு. பெரிதும் பயன்படுவது வரிக்குதிரை மீன். 1822-இல் பிரான்சிஸ் ஹாமில்டன் தம் கங்கை மீன்கள் நூலில் விவரித்த நம் நாட்டு மீனே அது. 96 மணி நேரத்தில் பாதி மீன்களைக் கொல்லும் செறிவு கணக்கிடப்படும். கோப்புகளை மொழிபெயர்த்துப் பிழைக்கும் எனக்குப் ‘பாதிக்கொல் செறிவு’ என்பதே பொருத்தமாகப் படுகிறது, புலவர்கள் பொறுத்தருள்க.

இங்கே ஓர் இடர் உண்டு. மீன் மூச்சுமுட்டி இறவாதிருக்க நீரில் காற்றை ஊத வேண்டும். ஊதினாலோ, எளிதில் ஆவியாகும் கரைப்பான் அக்காற்றோடு வெளியேறிவிடும். மீன் பிழைக்கும், கொடிய பொருளும் சாதுவென்று ஏட்டில் ஏறும். அதனால்தான் மூடிய கலங்களையோ, புதுக்கரைசல் இடையறாது பாயும் தொட்டிகளையோ நாடுகிறார்கள். எவ்வளவு கலந்தோம் என்பதோடு நில்லாமல், நீரில் எவ்வளவு எஞ்சியுள்ளது என்பதையும் அளக்கிறார்கள். அளவாத முடிவை நான் நம்பமாட்டேன்.

நம் நாட்டின் 1986-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளைச் சார்ந்த பொதுத் தரமும் மீனையே சாட்சியாக்குகிறது: நீர் கலவாத ஆலைக்கழிவில் 96 மணி நேரங்கழித்து நூற்றுக்குத் தொண்ணூறு மீன்கள் உயிரோடிருத்தல் வேண்டும். நன்று. ஆயினும் ஆய்வுக்கூடத்து மீனுக்குப் பிராணவாயு குறைவதில்லை. சாக்கடை கலந்த ஏரியில் வாழும் மீனுக்கோ அது குறைவு. மூச்சுக்குத் தவிக்கும் மீன் செவுள்வழியே மிகுதியாக நீரை இழுக்கும். நீரோடு நஞ்சும் உட்புகும்.

நேயர்களே, இனியொருமுறை மீன்கள் மிதக்குமாயின், நீரை எவ்வாறு எடுத்தீர்கள் என்று அதிகாரிகளைக் கேளுங்கள். அரைக்குடம் நீரில் கரைப்பான் வழியிலேயே ஆவியாகிப் போகும். கண்ணாடிக் குப்பியில் காற்றிடைவெளியின்றி விளிம்புவரை நிரப்பி, இறுக மூடி, பனிக்கட்டியிலிட்டு, தாமதமின்றி ஆய்வுக்கூடம் சேர்த்தல் வேண்டும்.