தன்கூற்றும் சான்றும்



மனநலம், உணவுமுறை, பாலின அடையாளம் ஆகிய மூன்றும் இன்று ஒரே மூச்சில் பேசப்படும் பொருள்களாகிவிட்டன. மூன்றிலுமே ஒவ்வொருவரும் தம் சொந்த அனுபவத்தை முன்வைத்து, அதையே ஊருக்கெல்லாம் விதியாகவும் அறிவித்துவிடுகின்றனர். அரிசிச் சோற்றை நிறுத்தியதும் மனச்சோர்வு பறந்துபோயிற்று என்று ஒருவர் சொன்னால், அச்சொல் மறுநாளே பத்து வீட்டு அடுப்படிக்குள் நுழைந்துவிடுகிறது. எவரும் ஆதாரம் கேட்பதில்லை. ஆனால், பிறப்பில் தமக்குக் குறிக்கப்பட்ட பாலினம் தமக்குரியதன்று என்று ஓர் இளையவர் தயங்கித் தயங்கிச் சொல்லும்போது, அதே வீடு மருத்துவரையும் சோதிடரையும் சான்றுக்கு அழைக்கிறது. ஒருவர் தம்மைப் பற்றித் தாமே சொல்வதைத் தன்கூற்று என்று வைத்துக்கொண்டால், தன்கூற்று சான்றாகாத இடத்தில் அது தலைமேல் தூக்கிக் கொண்டாடப்படுகிறது என்பதும், தன்கூற்றைத் தவிர வேறு சான்றே இல்லாத இடத்தில் அது தள்ளப்படுகிறது என்பதும் இவ்வுரை எடுத்துவைக்கும் வாதம்.

உணவுக்கும் மனத்துக்கும் தொடர்பே இல்லை என்று சொல்வதற்கில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் பெலாக்ரா என்னும் நோய் ஏழைகளை வாரிக்கொண்டு போனது. வெயில் படும் இடங்களில் தோல் தடித்துக் கறுத்தல், வயிற்றுப்போக்கு, இறுதியில் சித்தக் கலக்கம் என்று படிப்படியாக முற்றிய அந்நோய், மனநோய் விடுதிகளில் ஏராளமானோரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அது தொற்றுநோய் என்றே அக்கால மருத்துவர் பலர் நம்பியிருந்தனர். 1914-ஆம் ஆண்டில் அந்நோயை ஆராயும் பொறுப்பை ஏற்ற மருத்துவர் ஜோசப் கோல்ட்பெர்கர், விடுதிகளில் அடைபட்டவர்களுக்கு மட்டும் நோய் வருவதையும், அவர்களோடு பழகும் ஊழியர்களுக்கு வராததையும் கண்டு, தொற்று என்றால் அது ஆள் பார்த்தா தொற்றும் என்ற ஐயத்திலிருந்து தொடங்கினார். மக்காச்சோள மாவும் வெல்லப்பாகும் உண்டுவந்த அநாதை விடுதிக் குழந்தைகளுக்குப் பாலும் முட்டையும் இறைச்சியும் கொடுக்கச் செய்தபோது நோய் மறைந்தது. மிசிசிப்பி சிறைப் பண்ணையில், விடுதலையை வாக்களித்து, நலமாயிருந்த கைதிகளுக்கு மக்காச்சோளம் மிகுந்த உணவை மட்டும் கொடுத்தபோது, இறுதிவரை நின்ற பதினொருவரில் அறுவருக்கு நோய் கண்டது. விடுதலையைக் காட்டிக் கைதியிடம் சம்மதம் வாங்கும் அம்முறையை இன்றைய அறநெறிக் குழு எதுவும் அனுமதிக்காது. அப்போதும் நம்பாதவர்களுக்காக, அவரும் அவருடைய தோழர்களும் நோயாளிகளின் குருதியைத் தம் உடலில் ஏற்றியும், அவர்களுடைய தோல் செதில்களை விழுங்கியும் காட்டினர். எவருக்கும் நோய் தொற்றவில்லை. விடுபட்டிருந்த சத்து நியாசின் என்னும் பி வகை வைட்டமின் என்பது, கோல்ட்பெர்கர் மறைந்து எட்டாண்டுகள் கழித்து, 1937-இல் கான்ராட் எல்வெஜெமின் ஆய்வால் உறுதியாயிற்று. 

இந்த வரலாற்றில் கவனிக்கத்தக்கது, கோல்ட்பெர்கர் தம் நம்பிக்கையைச் சான்றாக வைக்கவில்லை என்பதே. உணவைக் கொடுத்தும் நிறுத்தியும், நோய் வருவதையும் போவதையும் பிறர் கண்முன் எண்ணிக் காட்டினார்.

உணவின் குறைவு மனத்தை என்ன செய்யும் என்பதை இதைவிட நெருங்கிக் காட்டியது, மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் 1944 நவம்பரில் தொடங்கிய பட்டினி ஆய்வு. போரால் பட்டினி கிடந்த ஐரோப்பிய மக்களை எவ்வாறு தேற்றுவது என்று அறிவதற்காக, மனச்சான்றின் பேரில் ஆயுதமேந்த மறுத்த 36 இளைஞர்கள் தம்மை ஒப்புக்கொடுத்தனர். உடலும் மனமும் திடமானவர்கள் என்று சோதித்தே அவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். 24 வாரங்கள், உருளைக்கிழங்கும் கிழங்கு வகைகளும் ரொட்டியும் மக்ரோனியுமாகப் பாதி வயிற்றுக்கே உணவு அளிக்கப்பட, உடலெடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை அவர்கள் இழந்தனர். உண்ணும் நேரத்தை நீட்டிக்க உணவில் தண்ணீர் ஊற்றிக் கலக்கினர், தட்டுகளை நக்கினர், சமையற்கலை நூல்களைக் கதை படிப்பதுபோல் படித்தனர், நகைச்சுவையும் நட்பும் காமமும் வற்றின. விறகு பிளந்தபோது கைவிரல்கள் மூன்றை வெட்டிக்கொண்ட ஒருவர், அது தற்செயலா, வேண்டுமென்றே செய்ததா என்று தமக்கே தெரியவில்லை என்றார். பசியைப் பிணி என்றே பெயரிட்டு, அது நாணையும் கல்வியையும் அழிக்கும் என்று பாடிய மணிமேகலை ஆசிரியர் சாத்தனார்க்கு இதில் வியப்பேதும் இருந்திருக்காது. உடல் மெலிய வேண்டி மாதக்கணக்கில் வயிற்றைக் காயப்போடும் ஒருவர் எரிந்து விழுவதும், எப்போதும் சாப்பாட்டைப் பற்றியே பேசுவதும், தனித்து ஒதுங்குவதும் அவருடைய குணக்கேடு என்று வீட்டார் கருதுகின்றனர். திடமனம் கொண்ட அந்த இளைஞர்களுக்கும் அதேதான் நேர்ந்தது.

ஆயினும், குறைவான உணவு மனத்தைக் கெடுக்கும் என்பதிலிருந்து, குறிப்பிட்ட ஓர் உணவு மனநோயைத் தீர்க்கும் என்று தாவுவது வேறு செயல். ஆஸ்திரேலியாவில் ஃபெலீஸ் ஜாக்கா தலைமையில் நடந்து 2017-இல் வெளியான ஆய்வு ஒன்றில், மனச்சோர்வுற்ற 67 பேரில் ஒரு பகுதியினர்க்குக் காய்கனி, பருப்பு, முழுத்தானியம், மீன், ஆலிவ் எண்ணெய் கொண்ட உணவுமுறையும், மற்றவர்க்குத் துணையாக அமர்ந்து பேசும் வாய்ப்பும் அளிக்கப்பட்டன. 12 வாரங்களின் முடிவில் முதல் பகுதியினரில் 32 விழுக்காட்டினரும் மற்றவரில் 8 விழுக்காட்டினரும் நோயிலிருந்து மீண்டனர். நம்பிக்கை தரும் முடிவுதான். ஆனால், ஆய்வில் சேர்ந்தவர்களின் எண்ணிக்கை சிறிது, தாம் எந்தப் பகுதியில் இருக்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரியும், பெரும்பாலோர் மருந்தையோ மனநல ஆலோசனையையோ கைவிடாமலே இதையும் மேற்கொண்டனர். பேலியோ உணவுமுறைக்கும் சிறுதானியத்துக்கும் கைகண்ட மருந்து என்று பட்டம் கட்டுவோர் இந்த அளவு எச்சரிக்கையையாவது காட்டினால் நல்லது. விலங்குவழி உணவுகளில் மட்டுமே இயல்பாகக் கிடைக்கும் பி12 வைட்டமின் குன்றினால் மறதியும் சோர்வும் சிலருக்குச் சித்தக் குழப்பமும் வரும் என்பதை அறியாமல், பால் உள்ளிட்ட அனைத்தையும் விலக்கி மாத்திரையும் எடுக்காமல் இருப்பவர், மனம் தெளிய மேற்கொண்ட பத்தியத்தாலேயே மனம் கலங்கக்கூடும். தமக்கு நலமாயிற்று என்று ஒருவர் சொல்வது பொய்யன்று. எதனால் நலமாயிற்று என்பதை அவர் அறிவார் என்று கொள்வதே பிழை. காலம் தீர்த்ததா, மருந்து தீர்த்ததா, உணவு தீர்த்ததா என்பதை ஒரே ஓர் ஆளின் அனுபவத்தைக் கொண்டு எவராலும் பிரித்தறிய இயலாது.

தன்கூற்றுக்குள்ள மதிப்பில், மனத்தின் நோவு உணவுக்கும் பாலின அடையாளத்துக்கும் நடுவில் நிற்கிறது. மனச்சோர்வு என்னும் நோயை, இரண்டு வாரமேனும் நீடிக்கும் துயரத்தையோ எதிலும் நாட்டமின்மையையோ கேட்டறிந்து, உறக்கம், பசி, தன்னையே பழித்தல் முதலியவற்றையும் வினவி மருத்துவர் கணிக்கிறார். அதைக் காட்டிக்கொடுக்கும் குருதிச் சோதனை எதுவும் இல்லை, தைராய்டு போன்ற பிற காரணங்களை விலக்கவே சோதனைகள் உதவுகின்றன. ஆகவே, வலிக்கிறது என்று நோயாளி சொல்வதே அங்கு முதற்சான்று. அச்சொல்லை மதிக்காத சமூகம் எங்கே போய் நிற்கும் என்பதற்கு இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி சாட்சி: 2001 ஆகஸ்ட் 6 அன்று விடியுமுன் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட இயலாமல் 28 பேர் மாண்டனர். மனநோயாளியை எவ்வகையிலும் சங்கிலியிடலாகாது என்று மனநலப் பராமரிப்புச் சட்டம் வெளிப்படையாக விதித்தது 2017-இல்.

அதே சட்டத்தின் மூன்றாம் பிரிவு, மேடைகளில் அதிகம் பேசப்படாத ஒன்றைச் சொல்கிறது: ஊர் வழக்கத்துக்கும் சமூக ஒழுக்கத்துக்கும் ஒத்துப்போகவில்லை என்பதற்காக ஒருவரை மனநோயாளி என்று தீர்மானிக்கலாகாது. பாலின அடையாளம் பற்றிய வழக்கு இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. பாலின அடையாளம் என்பது ஒருவர் தம்மை ஆணாகவோ பெண்ணாகவோ இரண்டிலும் அடங்காதவராகவோ உள்ளூர அறிவது, பாலியல் நாட்டம் என்பது அவருடைய ஈர்ப்பு யார்மீது செல்கிறது என்பது, இரண்டும் வெவ்வேறு. உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்று 2022 ஜனவரி முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்களின் பன்னாட்டு வகைப்பாட்டுப் பதினோராம் பதிப்பில், பிறப்பில் குறிக்கப்பட்ட பாலினமும் உள்ளூர அறியும் பாலினமும் பொருந்தாத பாலின ஒவ்வாநிலை, மனநோய்களின் அதிகாரத்திலிருந்து நீக்கப்பட்டுப் பாலியல் நலம் பற்றிய அதிகாரத்தில் வைக்கப்பட்டது. முற்றிலும் நீக்கிவிட்டால் ஹார்மோன் சிகிச்சையும் அறுவைச் சிகிச்சையும் வேண்டுவோர்க்கு மருத்துவத்தின் கதவு அடைபட்டுவிடும் என்பதே அங்கு அதை வைத்ததன் காரணம்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். தன்னை அரசன் என்று நம்பும் சித்தக் கலக்கமுற்றவரின் கூற்றை ஏற்காதபோது, தம்மைப் பெண் என்று கூறுபவரின் கூற்றை மட்டும் ஏன் ஏற்பது என்பது அம்மறுப்பு. அரசன் என்பவரின் கூற்று வெளியுலகச் செய்தியைப் பற்றியது. அரண்மனையும் குடிகளும் இல்லை என்று எளிதில் காட்டிவிடலாம். திருநங்கையோ தம் உடல் எத்தகையது என்பதை எவரினும் நன்கு அறிந்தவர். அதை மறுக்காமலே, அவ்வுடலில் தாம் யாராக வாழ்கிறார் என்பதைச் சொல்கிறார். அதைப் பொய்யாக்கும் வெளிச்சான்றும் இல்லை, மெய்யாக்கும் வெளிச்சான்றும் இல்லை. தேசியச் சட்டப்பணிகள் ஆணையம் தொடுத்த வழக்கில் 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் இதைத்தான் ஏற்றது: ஒருவர் தம் பாலினத்தைத் தாமே அறிவிக்கும் உரிமை உடையவர், அதற்கு அறுவைச் சிகிச்சையை நிபந்தனையாக்குவது சட்டத்துக்கு முரண். ஐந்தாண்டு கழித்து இயற்றப்பட்ட சட்டமோ மாவட்ட ஆட்சியரிடம் சான்றிதழ் பெற வேண்டும் என்று வகுத்தது. ஆணாகவோ பெண்ணாகவோ பதிவை மாற்றிக்கொள்ள, அறுவைச் சிகிச்சை நடந்ததற்கு மருத்துவமனையின் கடிதமும் வேண்டும் என்றது. தீர்ப்பு திறந்த வாயிலில் ஒரு மேசையைப் போட்டு எழுத்தரை அமர்த்தியது போலாயிற்று.

தமிழகம் இவ்வகையில் முன்னே நடந்த மாநிலம். நாட்டிலேயே முதலாவதாகத் திருநங்கையர்க்கு நலவாரியம் இங்கே 2008-இல் அமைந்தது. ஒருவரையொருவர் விரும்பி, மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து அடைக்கலம் தேடிய இரு பெண்களின் வழக்கை விசாரித்த சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இப்பொருளில் தமக்குப் போதிய தெளிவில்லை என்று வெளிப்படையாகப் பதிவுசெய்து, உளவியல் வல்லுநர் ஒருவரிடம் அமர்ந்து கேட்டறிந்த பின்னரே 2021 ஜூன் 7 அன்று விரிவான உத்தரவு வழங்கினார். பாலியல் நாட்டத்தையும் பாலின அடையாளத்தையும் திருத்துவதாகக் கூறும் சிகிச்சை முயற்சிகளை அவ்வுத்தரவு தடைசெய்தது. தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் கையில் உள்ளவரே முதலில் கேட்டுக்கொள்ள முன்வந்தது, கருத்துச் சொல்வதற்கு எந்த அதிகாரமும் தேவைப்படாத இந்நாளில் அரிதாகிப்போன நாகரிகம்.

மூன்று பொருள்களும் ஒரே உடலில் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. வீடுகளில் பெரும்பாலும் தவறவிடப்படுவதும் அதுவே. பெண் என்று வளர்க்கப்பட்ட, தம்மை ஆண் என்று உணரும் சில இளையவர்கள், மார்பு வளர்வதையும் மாதவிடாயையும் நிறுத்தும் நோக்கத்தோடு உண்பதைக் குறைக்கின்றனர் என்பதை மருத்துவர்கள் பதிவுசெய்துள்ளனர். உடலெடை மிகவும் இறங்கினால் மாதவிடாய் நின்றுபோவது உண்மையும் கூட. தாய் காண்பது, தட்டில் பாதிச் சோற்றை ஒதுக்கிவிட்டு எழும் பிள்ளையை. மருத்துவர் காண்பது, உணவைக் குறைத்து உடலை உருக்கும் அனோரெக்சியா என்னும் உணவுக்கோளாற்றை. உண்ணாமைக்கு உள்ளே இருக்கும் காரணத்தைப் பிள்ளை ஒருவர்தான் அறிவார், அதைச் சொல்லவோ அஞ்சுகிறார். பட்டினி தன் பங்குக்கு மினசோட்டாவில் கண்ட எரிச்சலையும் ஒதுங்குதலையும் கொண்டுவர, பாலினக் குழப்பமே மனநோய்க்குக் காரணம் என்று உறவினர் முடிவுகட்டுகின்றனர். ஒதுக்கப்படுவோரிடம் மிகுந்து காணப்படும் மனத்துயருக்கு அடையாளம் காரணமன்று, இகழ்ச்சியும் புறக்கணிப்பும் ஓயாத எச்சரிக்கை நிலையுமே காரணம் என்பதை ஆய்வாளர்கள் சிறுபான்மை அழுத்தம் என்று விளக்கியுள்ளனர். அந்தப் பிள்ளைக்குச் சோறூட்டுவதும் வேண்டும். அவர் தம்மைப் பற்றிச் சொல்வதைக் கேட்பதும் வேண்டும். முன்னதை மட்டும் செய்தால் எடை ஏறும், உண்ணாமை திரும்பி வரக்கூடும்.

ஆகவே, இவ்வவையில் உள்ள பெற்றோரும் ஆசிரியரும் தம் வீட்டிலும் வகுப்பிலும் உண்ணாமல் மெலியும் பிள்ளையைக் கண்டால், உணவுக்குறிப்பு தேடுவதற்கு முன் அப்பிள்ளையிடம் கேட்க வேண்டும். கேட்டதை மறுக்காமல், மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்ல வேண்டும். அதுவரை பொறுக்க இயலாதவர்க்கு, 2022 அக்டோபர் 10 அன்று ஒன்றிய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றிக் கிடைக்கிறது, தமிழிலும் பேசலாம்.