மாமியார் முழுங்கினதை திரையில் பார்த்தேன்

நான் பிறந்தது பொன்னேரி பக்கம் ஒரு கிராமம், வாக்கப்பட்டு வந்தது விம்கோ நகர். படிப்பு பத்தாவது. மேடை எனக்குப் புதுசு, தப்பிருந்தா பொறுத்துக்குங்க.

எங்க மாமியாருக்குச் சோறு இறங்கல. தண்ணிகூட நெஞ்சுல நிக்குதுன்னு சொல்லுவாங்க. நான் கஷாயம் வெச்சுக் கொடுத்தேன், தொக்கம் எடுக்கவும் கூட்டிப் போனேன். அப்படியே ஆறு மாசம் ஓடிப்போச்சு. ஆள் பாதியா இளைச்சுட்டாங்க. அது என் தப்புதான், இன்னிக்கும் உறுத்துது.

சந்தா கட்ட வந்த அன்னிக்கு குழுவுல அழுதுட்டேன். ஊக்குநர் அக்கா, "நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போம்மா"ன்னு சொல்லி, உள்கடன் 3,000 ரூபாய் வாங்கிக் கொடுத்தாங்க.

அங்கே மாமியாரை வெறும் வயித்துல வரச்சொல்லி, சுண்ணாம்புக் கரைசல் மாதிரி பேரியம்னு ஒரு மருந்தைக் குடிக்க வெச்சாங்க. சாதா எக்ஸ்ரே ஒரு போட்டோ மாதிரி. இது சினிமா மாதிரி, உள்ளே நடக்கிறது அப்பவே திரையில ஓடுது. ஃப்ளூரோஸ்கோப்பின்னு பேரு. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு நானும் பார்த்தேன். மருந்து இறங்கிச்சு, இரைப்பைக்கு மேல வந்து நின்னுடுச்சு. அந்த இடம் குருவி மூக்கு மாதிரி சுருங்கியிருந்தது. அப்புறம் குழாய் விட்டும் பார்த்துட்டு, "புத்துநோய் இல்லம்மா, உணவுக்குழாய் வாசல் திறக்க மாட்டேங்குது"ன்னாங்க. எனக்கு உசிரே வந்துச்சு. அதே மாதிரித் திரையில பார்த்துக்கிட்டே பலூன் விட்டு விரிச்சாங்க. இப்போ இட்லி சாப்பிடுறாங்க.

இந்தக் கதிரை ராண்ட்ஜன்னு ஒருத்தர் 1895-ல கண்டுபிடிச்சாராம். நம்ம சென்னை பெரியாஸ்பத்திரியில 1934-லேயே பர்னார்டு கதிரியல் நிலையம் வந்திருக்கு. ஆரம்பத்துல ஆபத்து தெரியாம வேலை செஞ்சு, எடிசனோட உதவியாளர் 1904-ல இறந்தே போனார். அதனாலதான் இப்போ ஈய அங்கி போட்டுக்கிறாங்க, தேவையான நேரம் மட்டும் கதிரை விடுறாங்க.

சகோதரிகளே, மூணு விஷயம் சொல்லி முடிக்கிறேன். நாள் தள்ளிப் போயிருந்தா, எக்ஸ்ரேவுக்கு முன்னாடியே வெட்கப்படாம சொல்லிடுங்க. பேரியம் குடிச்சா ரெண்டு நாள் வெள்ளையா வெளிக்குப் போகும், பயப்படாம டாக்டர் சொல்றபடி தண்ணி நிறைய குடிங்க. முழுங்க முடியலன்னு யாராவது சொன்னா, என்னை மாதிரி ஆறு மாசம் காத்திருக்காதீங்க.