கட்டிளமைப் பருவ உள்ளமும் பாடசாலை இடைவிலகலும்

பாடசாலையை விட்டு ஒரு பிள்ளை விலகுவது ஒரே நாளில் நிகழும் செயலன்று. வகுப்பாசிரியரின் மேசையிலுள்ள வரவு இடாப்பைப் பின்னோக்கிப் புரட்டினால் இது புலனாகும். முதலிற் சில திங்கட்கிழமைகளில் மட்டும் வரவில்லை. பின்னர், தவணைப் பரீட்சைக்கு முந்திய வாரத்தில் மூன்று நாள். வயிற்றுவலி என்று பெற்றோரின் கடிதம் ஒன்று. அடுத்த மாதம் கடிதமும் இல்லை. முடிவிற் பெயரின் மேல் ஒரு கோடு. காரணம் கேட்டால், வறுமை என்பார் ஒருவர். படிப்பில் நாட்டமில்லை என்பார் இன்னொருவர். இரண்டிலும் உண்மை இருக்கலாம். ஆயினும் அக்கோடு விழுவதற்கு முந்திய மாதங்களிற் பிள்ளையின் உள்ளத்தில் நிகழ்ந்தது யாது என வினவுவோர் அரியர்.

இலங்கையிற் பாடசாலைக் கதவு அகலத் திறந்தே இருக்கின்றது. 1945ஆம் ஆண்டில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1998 முதல் 5 வயது தொடங்கி 14 வயதுவரை கல்வி கட்டாயமாயிற்று. 2016இல் அவ்வெல்லை 16 வயதுக்கு உயர்த்தப்பட்டது. ஆனால் உளநலக் குறைபாடுகள் பல தலைகாட்டத் தொடங்குவதும் இதே வயதிலேதான். 10 முதல் 19 வயதுவரையுள்ளோரில் ஏழு பேருக்கு ஒருவர் ஏதேனும் ஓர் உளநலக் குறைபாட்டுடன் வாழ்கின்றனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. நாற்பது பேர் அமர்ந்திருக்கும் வகுப்பில் இது ஐந்தாறு பிள்ளைகள். அவர்கள் எவரும் ஆசிரியரிடம் வந்து தமக்கு நோய் என்று சொல்வதில்லை.

மனச்சோர்வு நோய் இப்பருவத்தில் எப்போதும் கண்ணீராக வெளிப்படுவதில்லை. பல வேளைகளில் எரிச்சலாகவும் சினமாகவுமே வெளிப்படும். நள்ளிரவு தாண்டியும் உறக்கம் வராத பிள்ளை காலையில் எழ இயலாது படுத்திருக்கும். தந்தையார் அதனைச் சோம்பல் என்பார். ஒரே பந்தியை மும்முறை வாசித்தும் அது மனத்தில் நில்லாது. ஆசிரியர் அதனைக் கவனமின்மை என்பார். இவ்விரு தீர்ப்புகளையும் கேட்ட பிள்ளை, தான் எதற்கும் உதவாத பிறவி என்று மூன்றாவது தீர்ப்பைத் தானே எழுதிக்கொள்கின்றது. முதலிரண்டையும்விட இதுவே கொடியது.

பதகளிப்பு என்னும் அச்ச நோயின் வழி வேறு. காலையிற் பாடசாலைச் சீருடையை அணிந்தவுடன் வயிறு வலிக்கின்றது, குமட்டுகின்றது, நெஞ்சு படபடக்கின்றது. இவ்வலி நடிப்பன்று. 1941ஆம் ஆண்டிலேயே அமெரிக்க மருத்துவர் சிலர் இதனைப் பாடசாலை அச்சம் எனப் பெயரிட்டு எழுதினர். பெற்றோருக்குத் தெரியாமல் ஊர் சுற்றும் மாணவன் வேறு; பெற்றோர் கண்முன்னே வீட்டிலேயே ஒடுங்கிக் கிடக்கும் மாணவன் வேறு. பின்னவனை இன்றைக்கு மட்டும் நில் என்று தாயார் இரங்கி நிறுத்துகின்றார். பத்து மணியளவில் வலி நீங்குகின்றது. அந்த நிம்மதியே அவனுக்குப் பகையாகின்றது. வீட்டில் நின்றால் அச்சம் தீரும் என்று உள்ளம் கற்றுக்கொள்கின்றது. இதற்குள் வகுப்பிற் பாடம் முன்னேறிவிடுகின்றது. தோழர்கள் ஏன் வரவில்லை என்று கேட்கும் கேள்வியும் காத்திருக்கின்றது. நின்ற நாள் ஒவ்வொன்றும் மீளும் நாளை மேலும் கடினமாக்குகின்றது.

வடக்கிலும் கிழக்கிலும் இதனோடு போரின் வடுவும் சேர்ந்தது. போர் நிகழ்ந்த பகுதிகளிற் பாடசாலைப் பிள்ளைகள் 420 பேரிடம் நடத்தப்பட்டு 2009இல் வெளியான ஆய்வொன்று, அவர்களில் நூற்றுக்கு 25 பேருக்கு அதிர்ச்சிக்குப் பிந்திய மனவடு நோய் இருந்ததாகக் கூறியது. கொடுமைகளைக் கண்ட பிள்ளைகளின் நினைவாற்றலும் பாடசாலைப் புள்ளிகளும் தாழ்ந்திருந்ததையும் அவ்வாய்வு காட்டியது. மந்த புத்தி என்று பின்வாங்கில் இருத்தப்பட்டோருள் இத்தகையோர் எத்தனை பேரோ!

வறுமையை இங்கு மறைப்பதற்கில்லை. மலையகத் தோட்டத்திலிருந்து கொழும்புக் கடைக்கு வேலைக்கு அனுப்பப்படும் சிறுவனை உளநோயாளி என்று கூறுவது அநீதி. எனினும் வறுமையும் உளச்சோர்வும் ஒரே வீட்டில் வாழ்பவை. படிப்பில் ஏற்கெனவே மனமுடைந்த பிள்ளையே வேலைக்குப் போ என்ற சொல்லுக்கு விரைவில் இணங்குகின்றது. 2022இன் பொருளாதார நெருக்கடியிலே பஸ் கட்டணமும் கொப்பி விலையும் ஏறியபோது பல வீடுகளில் இச்சொல் எழுந்தது.

இவ்விடயத்திற் கனடா நாட்டின் மொன்றியல் பகுதியில் நடந்து 2018இல் வெளியான ஆய்வொன்று தனிக்கவனத்துக்குரியது. விலகுவதற்கு முந்திய மூன்று மாதங்களில் மனச்சோர்வு மிகுந்திருந்த மாணவர், பாடசாலையை விட்டு நீங்கும் வாய்ப்பு ஏனையோரைவிட இரு மடங்குக்கு மேலாக இருந்தது என்பது அதன் முடிவு. பல ஆண்டுகட்கு முந்திய சோர்வைவிட அண்மைச் சோர்வே ஆபத்தானது என்பது இதன் பொருள். விலகும் பிள்ளையெல்லாம் சிறு வயதிலேயே அவ்வாறு விதிக்கப்பட்ட பிள்ளையன்று. ஒரு தவணைக் காலத்துக்குள் வந்த இடரை அந்தத் தவணைக்குள்ளேயே கண்டுகொள்ள இயலும்.

கண்டுகொள்ளும் கருவியும் புதிதாக வாங்க வேண்டியதன்று. அது வரவு இடாப்பேதான். ஒரே மாதத்தில் நான்கைந்து நாள் வராத பிள்ளையின் வீட்டுக்கு வகுப்பாசிரியர் ஒரு மாலைப் பொழுதிற் சென்று வரலாம். அங்கே தண்டனை பற்றிய பேச்சு வேண்டாம். உறக்கம் எப்படி, உணவு எப்படி, வகுப்பில் யாரேனும் துன்புறுத்துகின்றனரா என்று கேட்டால் போதும். திரும்பி வரும் பிள்ளையை வகுப்பின் நடுவே எழுப்பி விசாரிக்கும் வழக்கம் ஒன்று உண்டு. அது ஒழிந்தாலே பாதி நன்மை. முதல் வாரம் இரண்டு பாடவேளை, மறுவாரம் நண்பகல்வரை என்று படிப்படியாக மீள அதிபர் இடமளிக்கலாம். உளவளத்துணை ஆசிரியர் உள்ள பாடசாலையில் அவருக்குப் பிள்ளையோடு தனித்துப் பேச ஓர் அறையும் நேரமும் வேண்டும். பதிலாசிரியர் வேலையிலே அவருடைய நாள் கழிந்துவிடலாகாது.

சோர்வு இரு வாரங்களுக்கு மேல் நீடித்தால் அரசாங்க வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் பிள்ளையை அழைத்துச் செல்லலாம். ஊரார் என்ன நினைப்பார்களோ என்று அஞ்சும் பெற்றோர், அங்கொடைத் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்தில் வீட்டிலிருந்தே ஆலோசனை பெறலாம். வாழ்வதிற் பயனில்லை என்று பிள்ளை ஒருமுறை கூறினும் அதனை வெறும் மிரட்டல் எனத் தள்ளிவிடாது, பிள்ளையைத் தனியே விடாது, அன்றைய தினமே மருத்துவரிடம் அழைத்துச் செல்லல் வேண்டும். பரீட்சை அடுத்த ஆண்டும் வரும்.