கூடாத நாள்களில் வாழும் சங்கம்



கூடும் நாளில் எந்தச் சங்கமும் வாழும். கூடாத நாள்களில் வாழ்வதே அரிது. உறுப்பினரிடையே செய்தி இடையறாது சென்று வந்தால்தான் அது இயலும். உலகத் தமிழாராய்ச்சி மன்றமே இதற்குச் சான்று.

மன்றம் புதுதில்லியில் தோன்றிய ஆண்டு 1964. அதன் வித்தோ 1952-ஆம் ஆண்டிலேயே ஊன்றப்பட்டது. அவ்வாண்டு தனிநாயக அடிகளார் தொடங்கிய 'தமிழ்க் கல்ச்சர்' என்னும் ஆங்கிலக் காலாண்டிதழ், பல நாடுகளில் தனித்திருந்த அறிஞர்களை ஒருவர்க்கொருவர் அறிமுகப்படுத்தியது. முதலில் இதழ், பின்னரே மன்றம். 1966-இல் கோலாலம்பூர், 1968-இல் சென்னை, 1970-இல் பாரிசு என ஈராண்டுக்கொரு மாநாடு கூடியது.

அந்த ஒழுங்கு பின்னர்த் தளர்ந்தது. எட்டாம் மாநாடு 1995-இல் தஞ்சாவூரில் நடந்தது. ஒன்பதாவது 2015-இல்தான் கோலாலம்பூரில் கூடியது. இருபதாண்டு இடைவெளியில் ஆய்வு மாணவர் ஒருவர் பேராசிரியராகவே உயர்ந்துவிடுவார்.

பத்தாண்டு கண்ட இவ்வட்டத்திற்கும் இது பாடமாகும். வாராதவர்க்கு நடந்ததைத் தெரிவிக்கும் ஓர் அஞ்சலட்டை, கவிதை அனுப்பியவர்க்கு ஏற்பாயினும் மறுப்பாயினும் ஒரு மறுமொழி: இவை சிறு செயல்களல்ல. மறுப்பைப் பெற்ற கவிஞர் மீண்டும் எழுதுவார். மறுமொழியே பெறாதவர் மெல்ல விலகிவிடுவார். அவர் விலகியதையும் எவரும் அறியார். சங்கங்கள் தேய்வது பகையால் மட்டுமன்று, மௌனத்தாலுமே.