முதியோர் இதயமும் வயிற்றுக் கொழுப்பும்



வெள்ளி விழா மேடையில் கல்வியைப் பற்றிப் பேசுவதே வழக்கம். நாமோ இன்று தொப்பையைப் பற்றிப் பேச முன்வந்துள்ளோம். இது நகைப்பிற்குரிய பொருளன்று. பண்ணைக்காட்டிலும் தாண்டிக்குடியிலும் காப்பித் தோட்டங்களில் உழைத்து ஓய்ந்த நம் முதியவர்களுள் பலர் பார்வைக்கு மெலிந்தவர்கள். "ஒல்லியான உடம்பு, இவருக்கு ஏது மாரடைப்பு?" என்று நாமே சொல்லிக்கொள்கிறோம். இந்த நம்பிக்கை உயிருக்கே உலை வைக்கக்கூடியது.

உடலில் கொழுப்பு எவ்வளவு இருக்கிறது என்பதோடு, எங்கே தங்கியிருக்கிறது என்பதையும் பார்த்தல் வேண்டும். பிரான்சு நாட்டு மார்சேய் நகர மருத்துவர் ழான் வாக் 1947ஆம் ஆண்டிலேயே இதனை எடுத்துரைத்தார். தொடையிலும் இடுப்பின் கீழும் தோலுக்கடியில் தங்கும் கொழுப்பு பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். வயிற்றறைக்குள் குடலையும் ஈரலையும் சூழ்ந்து தங்குவது அத்தகையதன்று. அது ஓயாது கொழுப்பு அமிலங்களைக் குருதியில் விடுகிறது. அவை நேரே கல்லீரலைச் சென்றடைகின்றன. இன்சுலின் தன் பணியைச் செய்ய இயலாது தடுமாறுகிறது, சர்க்கரை ஏறுகிறது, இரத்த அழுத்தமும் ஏறுகிறது, தமனிகளின் உட்சுவர் அழற்சியுற்றுத் தடிக்கிறது. முன்னரே குழாய் சுருங்கிய இதயத்திற்கு இது மேலும் ஒரு சுமை.

முதுமையில் எடைக்கருவி நம்மை ஏமாற்றும். ஐம்பது வயதில் 60 கிலோ இருந்தவர் எழுபதிலும் 60 கிலோ இருக்கலாம். ஆனால், தசை கரைந்து கையும் காலும் குச்சியாகியிருக்கும். வேட்டிக் கட்டு மட்டும் இறுகியிருக்கும். அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலைய ஆய்வாளர்கள் 2011இல் பல ஆய்வுகளைத் தொகுத்து, 15,000க்கும் மேற்பட்ட இதய நோயாளிகளின் விவரங்களை ஆராய்ந்தனர். வயிறு பருத்தவர்களிடையே இறப்பு மிகுந்திருந்தது. எடை இயல்பான அளவில் இருந்தவர்களிடையேயும் நிலை அதுவே.

எடை அட்டவணைகள் யாருடைய உடலை அளந்து எழுந்தவை என்றும் நாம் கேட்டல் வேண்டும். அவை முதலில் ஐரோப்பிய உடல்களை வைத்து வளர்ந்தவை. புனே மருத்துவர் யாஜ்னிக்கும் இலண்டன் மருத்துவர் யூட்கினும் தம் உடல்களையே ஒப்பிட்டு, 2004இல் லான்செட் இதழில் வெளியிட்டனர். உயரத்திற்கேற்ற எடைக் குறியீடு இருவருக்கும் 22.3. உடற்கொழுப்போ யூட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு! புனேயை அடுத்த சிற்றூர்க் குழந்தைகள் பிறக்கும்போது சராசரி 2.7 கிலோ, இங்கிலாந்தின் சௌதாம்ப்டன் குழந்தைகள் 3.5 கிலோ. சிறுத்துப் பிறந்த அக்குழந்தைகளுக்குத் தசை மிகக் குறைந்திருந்தது. தோலடிக் கொழுப்போ அந்த அளவிற்குக் குறையவில்லை. கருவிலேயே பசியறிந்த உடல், கிடைத்ததைக் கொழுப்பாகச் சேர்த்துவைக்கப் பழகுகிறது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. தலைமுறைதோறும் கூலியையும் கஞ்சியையும் நம்பி வாழ்ந்த நம்மவர்க்கு இதனை விளக்கவும் வேண்டுமோ?

2011 முதல் நியாயவிலைக் கடையில் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. பசியை விரட்டிய அத்திட்டத்தைக் குறை கூற நாம் ஒருப்படோம். ஆயினும் மூன்று வேளையும் தீட்டிய அரிசியும், பெயரளவிற்குப் பருப்பும், சர்க்கரை மிகுந்த தேநீரும் வயிற்றிலேதான் போய்ச் சேரும். முன்பு மூட்டை சுமந்து ஏறிய சரிவுகளில் இன்று ஜீப்பு போகிறது. சுமை ஒழிந்தது நல்லதே. அதனோடு நடையும் ஒழிந்ததுதான் கேடு.

அண்ணல் அம்பேத்கரே 1948 முதல் நீரிழிவால் வருந்தி, 1956இல் தம் 65ஆம் வயதில் மறைந்தார். இந்நோய் உழைப்பாளியையும் அறிவாளியையும் பிரித்துப் பார்ப்பதில்லை.

இளைஞர்கள் செய்ய வேண்டுவது எளிது. கடைசி விலா எலும்பிற்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்பிற்கும் நடுவே, இயல்பாக மூச்சை விட்ட நிலையில் நாடாவைச் சுற்றி அளக்க வேண்டும். இந்திய ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை. நாடா இல்லையேல் ஒரு கயிறு போதும். அவரவர் உயரத்திற்குக் கயிற்றை வெட்டி இரண்டாக மடியுங்கள். அது வயிற்றைச் சுற்றி வராவிட்டால் மருத்துவரைக் காண வேண்டும்.

அளவு மிகுந்தவரைப் பட்டினி போடாதீர்கள். இதய நோயுள்ள முதியவர் பட்டினி கிடந்தால் கொழுப்போடு தசையும் கரையும். அது வேறொரு கேடு. சோற்றைக் குறைத்துப் பயறு, முட்டை, கீரையைக் கூட்டுங்கள். மருத்துவரைக் கேட்டபின், சமதளத்தில் நடக்கச் செய்யுங்கள். ஏற்றம் பிறகு பார்க்கலாம். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தின் பணியாளர் வீட்டிற்கு வரும்போது, அளந்த கணக்கை அவரிடம் காட்டுங்கள். மார்பில் இறுக்கமோ, தாடைக்கும் இடக்கைக்கும் பரவும் வலியோ கண்டால் வாயுப் பிடிப்பு என்று கஷாயம் வைத்துக் காத்திராதீர்கள். உடனே 108ஐ அழையுங்கள். வத்தலக்குண்டிற்கு இறங்கும் பாதையில் ஒவ்வொரு வளைவும் நேரத்தைத் தின்னும்.

கூட்டம் முடிந்ததும் வாயிலருகே நாடாவுடன் இளைஞர்கள் இருப்பார்கள். தாய்மார்களைப் பெண்களே அளப்பார்கள். அறுபது கடந்தோர் முதலில் வரலாம்.