பாட்டி முதல் பேத்தி வரை
(மகளிர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



என் மாட்டுப்பெண்ணுக்கு ஆறாம் மாதத்தில் ரத்தத்தில் சர்க்கரை கூடியபோது, "ஸ்வீட் நிறையச் சாப்பிட்டிருப்பாள்" என்று யோசிக்காமல் சொன்னவள் நான். அந்தப் பெண் பதில் பேசவில்லை. அதற்குப் பிறகுதான் இந்த விஷயத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

ஹார்மோன் என்பது மிகச் சொற்ப அளவில் ரத்தத்தில் ஓடி, சர்க்கரையை எவ்வளவு எரிப்பது, கொழுப்பை எங்கே சேர்ப்பது என்று உறுப்புகளுக்கு உத்தரவு தரும் பொருள். சில ரசாயனங்கள் அதே ஜாடையில் போய் உட்கார்ந்து தப்பான உத்தரவு தருகின்றன. கணையமும் கொழுப்பு அணுக்களும் உருவாகும் சமயத்தில் இது நடந்தால், பாதிப்பு ஆயுசுக்கும் தங்கிவிடலாம். கலிபோர்னியாவில் புரூஸ் பிளம்பெர்க் குழுவினர், கப்பல் பெயிண்ட்டில் சேர்த்துவந்த ட்ரைபியூட்டைல் டின் என்ற பொருளைச் சினை எலிகளுக்குக் கொடுத்தார்கள். குட்டிகளுக்குக் கொழுப்பு கூடியது. 2006-ல் இத்தகைய பொருட்களுக்கு 'ஓபிசோஜென்' என்று பெயரும் வைத்தார்கள்.

எலிதானே என்பீர்கள். அதே மாநிலத்தின் ஓக்லண்ட் வட்டாரத்தில், 1959 முதல் 1967 வரை கர்ப்பிணிகளின் ரத்தத்தைச் சேகரித்து உறைய வைத்தார்கள். டிடிடி தாராளமாகத் தெளித்த காலம் அது. அமெரிக்கா அதை 1972-ல் தடை செய்தது. பார்பரா கோன் குழுவினர் அந்தக் குடும்பங்களைத் தொடர்ந்து, 2021-ல் பேத்திகளைப் பற்றி எழுதினார்கள். பாட்டி பருமனாக இல்லாத குடும்பங்களில், அவர் ரத்தத்தில் ஒருவகை டிடிடி அதிகம் இருந்திருந்தால், பேத்திக்குப் பருமன் வரும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு. பேத்தி சீக்கிரமே பெரியவளாவதும் அதிகம்.

பேத்திக்கு எப்படிப் போனது? பெண் கரு வயிற்றில் இருக்கும்போதே அதன் சினைமுட்டைகள் உருவாகிவிடுகின்றன. ஆக, ஒரு கர்ப்பிணிக்குள் மூன்று தலைமுறை. தர்ப்பணத்தில் நாம் பின்னோக்கி மூன்று தலைமுறை சொல்கிறோம், இது முன்னோக்கி.

நம் நாட்டில் விவசாயத்துக்கு டிடிடி கூடாது என்றது 1989-ல்தான். கொசுவுக்கு அதன் பிறகும் அடித்தார்கள். இங்கே இருப்பவர்களில் பலர் கர்ப்பமாக இருந்த வருஷங்கள் அவை.

புனேயில் டாக்டர் யாக்னிக் கண்டது இன்னொன்று. அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தில் 3.5. ஆனால் தோலடிக் கொழுப்பில் நம் குழந்தை அவ்வளவு பின்தங்கவில்லை, சதைதான் குறைவு. இதற்கு அவர் ரசாயனத்தைக் காரணம் சொல்லவில்லை. ஏற்கெனவே சர்க்கரை நோய்க்குச் சாய்ந்து பிறக்கும் குழந்தைமேல் இன்னொரு பாரம் எதற்கு என்பது என் கேள்வி.

பிளாஸ்டிக்கை வளையச் செய்யும் தாலேட்டுக்கும் கர்ப்பகாலச் சர்க்கரைக்கும் சில ஆய்வுகளில் தொடர்பு தெரிகிறது, சிலவற்றில் இல்லை. பால் புட்டியில் பிபிஏ கூடாது என்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2015-ல் விதித்தது. அதற்குப் பதிலாகப் பல பொருட்களில் வந்த பிபிஎஸ் அதற்கு ஒன்றுவிட்ட சகோதரன்தான்! கொதிக்கும் ரசத்தைப் பிளாஸ்டிக்கில் ஊற்றாதீர்கள். மைக்ரோவேவில் பிளாஸ்டிக் டப்பாவை வைக்காதீர்கள். கடை பில்லின் வழவழக் காகிதத்தைக் கர்ப்பிணி கையில் கசக்க வேண்டாம். அதிலும் இதே சரக்குதான்.

பேத்திக்குப் பரணிலிருந்து பழைய வெள்ளிப் பாலாடையை எடுத்துத் தேய்த்தேன். மாட்டுப்பெண்ணிடம் மன்னிப்பும் கேட்டுவிட்டேன், அது தாமதமாகத்தான்.

கேள்விகள் இருந்தால் டிபனுக்கு முன் கேட்டுவிடுங்கள்.