ஒன்பதாம் வகுப்பின் வாயிலில்

 

கோடை விடுமுறை முடிந்து ஜூன் மாதத்தில் பள்ளிகள் திறக்கும் வேளையில் வீடுதோறும் நிகழும் ஆயத்தங்கள் யாவரும் அறிந்தவையே. சீருடைத் துணி, புத்தகப் பை, மிதிவண்டி, பேருந்துப் பயண அட்டை ஆகியவற்றிற்குப் பட்டியல் உண்டு. கடையும் அலுவலகமும் உண்டு. எட்டாம் வகுப்பைக் கடந்து ஒன்பதாம் வகுப்பினுள் அடியெடுத்து வைக்கும் பிள்ளைக்கு வேண்டிய ஆயத்தமோ பெரும்பாலும் வீட்டினுள்ளேயே செய்யப்பட வேண்டியது. அதனைப் பற்றியதே இவ்வுரை.

தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை எந்த மாணவரும் அதே வகுப்பில் நிறுத்தி வைக்கப்படுவதில்லை. ஆதலின் கணக்கில் பின்னங்களும் ஆங்கிலத்தில் எளிய வாக்கியங்களும் கைவராமலே ஒரு பிள்ளை ஒன்பதாம் வகுப்பை அடைந்துவிடக் கூடும். அங்குப் பாடச்சுமை திடீரெனப் பெருகும்போது குறை வெளிப்படுகிறது. பெற்றோர் அதனைச் சோம்பல் என்று எண்ணிக் கடிந்துகொள்கின்றனர். மே மாதத்தில் ஏழாம், எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகங்களை எடுத்து, பயிற்சிக்கு ஒரு கணக்கு வீதம் பிள்ளையைச் செய்யச் சொன்னால், எவ்விடத்தில் தடுமாற்றம் என்பது ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். ஒன்பதாம் வகுப்புப் பாடத்தை முன்கூட்டியே நடத்தும் கோடைத் தனிப்பயிற்சிக்குப் பணம் கட்டுவதினும் இது பயனுடையது.

ஒன்பதாம் வகுப்பை அவசரமாகக் கடத்திவிட்டுப் பத்தாம் வகுப்புப் பாடத்தை முன்னரே தொடங்கும் வழக்கம் சில தனியார் பள்ளிகளில் உண்டு. பதினோராம் வகுப்பின் நிலையும் அதுவே. இக்குறையைக் களையும் பொருட்டே 2017-18ஆம் கல்வியாண்டில் பதினோராம் வகுப்பிற்கும் பொதுத்தேர்வு கொணரப்பட்டது. மாணவர் சுமை கருதி 2025இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அதனை நீக்கியது. தேர்வு நீங்கியதால் பாடமும் நீங்கியது என்று கொள்வது பெரும் பிழையாகும். நீட் தேர்வின் வினாக்கள் பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புப் பாடங்கள் இரண்டிலிருந்தும் எழுகின்றன. அதன் 720 மதிப்பெண்களில் உயிரியலுக்கு மட்டும் 360. ஓராண்டுப் பாடத்தைத் தாண்டிச் சென்ற பிள்ளை அதனை எங்குப் போய்க் கற்கும்?

பத்தாம் வகுப்பு முடிந்தபின் எப்பிரிவில் சேர்வது என்னும் வினாவைத் தேர்வு முடிவு வெளியான மறுநாள் எழுப்பும் குடும்பங்களே மிகுதி. அன்று பேசுவது பிள்ளையின் நாட்டம் அன்று. மதிப்பெண்ணும் உறவினரும் பேசுவர். கணக்கை விடுத்து உயிரியல் பிரிவை எடுத்த பிள்ளைக்குப் பொறியியல் கலந்தாய்வின் வாயில் அடைபடும். அங்குக் கணக்கிற்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200க்கே தரவரிசை. உயிரியலை விடுத்துக் கணினி அறிவியல் எடுத்தவருக்கு மருத்துவம் எளிதில் எட்டாது. வணிகவியலை எடுப்போரை ஏதோ தோற்றவர் போல நோக்கும் பார்வை, தலைமுறை தலைமுறையாகக் கணக்கேட்டினை நேர்மையுடன் எழுதிவரும் சமூகத்திற்குச் சற்றும் பொருந்தாதது. இவற்றையெல்லாம் ஒன்பதாம் வகுப்பிலேயே, எவ்வித நெருக்கடியும் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமையில் பிள்ளையோடு அமர்ந்து பேசுதல் நலம்.

பள்ளி மாற்றம் பற்றியும் ஒன்று கூறவேண்டும். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்றோர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் சட்டமாயிற்று. மறு ஆண்டில் பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளுக்கும் விரிந்தது. புதுமைப் பெண் திட்டத்தில் மகளிர்க்கும் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் ஆடவர்க்கும் உயர்கல்வியின்போது திங்கள்தோறும் கிடைக்கும் 1000 ரூபாயும் இவ்வாறே பள்ளியைப் பொறுத்தது. தமிழ்வழியில் பயின்றோர்க்கு அரசுப் பணிகளில் உரிய 20 விழுக்காடு முன்னுரிமைக்கு முதல் வகுப்பிலிருந்தே தமிழ்வழி வேண்டும். சிற்றூரில் அரசுப் பள்ளியில் நன்கு பயிலும் பிள்ளையை, கௌரவம் கருதிப் பத்தாம் வகுப்பிற்குப் பின் நகரத்துத் தனியார் பள்ளிக்கு மாற்றும்போது இவையனைத்தும் ஒரு கையெழுத்தில் கைநழுவுகின்றன. மாற்றுவது தவறென்பதன்று, எதை இழக்கின்றோம் என்பதை அறிந்து மாற்றவேண்டும்.

இனி, சமணக் குடும்பங்களுக்கே உரிய ஓர் இடர்ப்பாடு. இதனை வெளியார் எவரும் எடுத்துரைக்கப் போவதில்லை.

மேல்சித்தாமூர்ப் பகுதியிலிருந்து திண்டிவனத்திற்கும், பொன்னூர்ப் பகுதியிலிருந்து வந்தவாசிக்கும் பேருந்தில் சென்று பயிலும் பிள்ளையின் ஒரு நாளை எண்ணிப் பார்க்கலாம். பள்ளி நான்கு மணியளவில் முடிகிறது. பத்தாம் வகுப்பாயின் சிறப்பு வகுப்பு ஐந்தரை வரை, பின்பு தனிப்பயிற்சி, பின்பு பேருந்து. ஆனி மாதத்தில் கதிரவன் மறைய 6.35 மணிக்கு மேலாகும். கார்த்திகையிலோ 5.40 அளவிலேயே பொழுது சாய்ந்துவிடும். பொழுது சாய்வதற்குமுன் உண்ணும் வழக்கத்தைச் சிறுவயது முதல் கடைப்பிடித்த பிள்ளை, நண்பகலில் உண்ட உணவோடு மறுநாள் காலை வரை பசித்திருக்கிறது. அல்லது கடைத்தெருவில் நண்பர்களோடு எதையோ உண்டுவிட்டு வீட்டில் மறைக்கிறது. முன்னது உடலைக் கெடுக்கும். பின்னது அதனினும் கொடிது. ஏனெனில் நோன்பு காக்கும் பெயரால் பொய் பழகுகிறது. பாட்டிக்கு ஒரு விடை, தாய்க்கு ஒரு விடை என்று அப்பிள்ளை இரு வாழ்க்கை வாழத் தொடங்குகிறது.

இதற்குத் தீர்வு பெரும்பாலும் இரண்டாவது உணவுப் பெட்டியில் இருக்கிறது. கேழ்வரகு அடை, எள்ளுருண்டை, பயற்றஞ்சுண்டல், தயிர்சாதம் ஆகியவற்றுள் எதுவாயினும் பள்ளி முடிந்து சிறப்பு வகுப்பு தொடங்குமுன் பத்து நிமிடத்தில் உண்ணத்தக்கதாக இருத்தல் வேண்டும். வெங்காயம், உருளைக்கிழங்கு இன்றி இத்தனை வகையா என்று வகுப்புத் தோழர் வியக்கும்படி அது சுவையாகவும் இருத்தல் வேண்டும். கூச்சத்தால் மூடியே வைக்கப்படும் பெட்டியால் பயனில்லை. பெற்றோரில் ஒருவர் ஜூன் மாதத்திலேயே வகுப்பாசிரியரைக் கண்டு இவ்வழக்கத்தை ஒருமுறை எடுத்துரைத்தால் போதும். காரணம் அறிந்த ஆசிரியர் பத்து நிமிடம் தர மறுப்பது அரிது.

அவ்வாறு செய்தும் இயலாத நாள்கள் உண்டு. அந்நாள்களில் என்ன செய்வது என்பதை வீட்டுப் பெரியோர் முன்னரே தெளிவாகக் கூறிவிடுதல் கடமை. விரதம் என்பது உணர்ந்து, தாமே விரும்பி, தம் ஆற்றலை அளந்து ஏற்பது. பிறர்மேல் சுமத்துவது விரதமாகாது. இல்லறத்தார்க்குரிய அணுவிரதங்களில் பொய்யாமையும் ஒன்று. உண்டதை உள்ளபடி சொல்லும் பிள்ளையைக் கடியாத வீட்டில், நோன்பும் நாளடைவில் நிலைபெறும்.

தசலட்சணப் பருவமும் காலாண்டுத் தேர்வை ஒட்டியே வருகிறது. பெரியோரைக் கண்டு தாமும் ஏகபுக்தம் இருக்க விழையும் பதினான்கு அகவைப் பெண்ணின் ஆர்வம் போற்றத்தக்கது. ஆயினும் அவ்வயதில் மாதவிலக்கினால் இரும்புச்சத்துக் குறைவது இயல்பு. அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் வாரந்தோறும் இரும்புச்சத்து மாத்திரை வழங்குவது அதனாலேயே. அதனைத் தேநீரோடு விழுங்கினால் பயன் குன்றும் என்பதையும் தாய்மார் அறிதல் நலம். பத்து நாளும் நோன்பிருப்பதற்கு மாறாக ஒரு நாளைத் தெரிவு செய்து, தேர்வில்லாத நாளாகவும் அமைத்துக்கொண்டால் அந்நோன்பு சோர்வின்றி நிறைவுறும்.

உறக்கத்தைப் பற்றி முதியோர்க்கும் இளையோர்க்கும் இடையே நிகழும் பூசல் பழையது. அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து படித்தவர்களே முன்னேறினர் என்பது தாத்தாக்களின் துணிபு. அவர்கள் எட்டு மணிக்கே உறங்கினர் என்பதை அவர்களே மறந்துவிடுகின்றனர். பதின்மூன்று முதல் பதினெட்டு அகவையினர்க்கு எட்டு முதல் பத்து மணி நேர உறக்கம் வேண்டும் என்பது மருத்துவர் கூற்று. அவ்வயதில் உறக்கம் வரும் நேரம் இயல்பாகவே பின்தள்ளிப் போவதும் உண்டு. பதினொரு மணி வரை கைப்பேசி, நான்கு மணிக்கு விழிப்பு என்னும் ஏற்பாட்டில் படித்தது மனத்தில் தங்காது. இரவு ஒன்பதரைக்குப் பின் வீட்டுக் கைப்பேசிகள் அனைத்தும் கூடத்து அலமாரியில் இருக்கும் என்று விதி செய்யலாம். தந்தையின் கைப்பேசியும் அங்கே இருந்தாலன்றி அவ்விதி ஒரு வாரமும் நிலைக்காது.

இறுதியாக, எளிதாகத் தோன்றிப் பின்னர்ப் பெருந்தொல்லை தரும் ஒன்று. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழே பிற்காலத்தில் பிறந்த நாளுக்கும் பெயருக்கும் ஆவணமாகப் பயன்படுகிறது. நயினார், ஜெயின் என்னும் ஒட்டுகள் ஓர் ஆவணத்தில் இருந்து மற்றொன்றில் இல்லாமையும், ஜினேந்திரன், தரணேந்திரன் போன்ற பெயர்கள் ஆங்கிலத்தில் ஆவணத்திற்கொரு வகையாக எழுதப்பட்டிருத்தலும் இச்சமூகத்தில் அடிக்கடி காணப்படுபவை. ஒன்பதாம் வகுப்பு தொடங்கும்போதே பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிப் பதிவேடு ஆகிய மூன்றையும் அருகருகே வைத்து, தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்தெழுத்தாக ஒப்பிடுதல் வேண்டும். வேறுபாடு இருப்பின், பத்தாம் வகுப்பில் தேர்வுத் துறைக்குப் பெயர்ப்பட்டியல் செல்வதற்கு முன்னரே தலைமையாசிரியரிடம் எழுத்து மூலம் கொடுத்துத் திருத்தி, அம்மனுவின் படி ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்க.